பூச்சியத்தில இருந்து எண்ணுங்கோ, சேர்

அண்மையில் ஒரு கூடைப்பந்து ஆட்டம். கடைசி நிமிசம், ஒரு புள்ளி பின்னுக்கு. வாவிக்கு அங்கால படுவான்கரையில இருந்து வந்த பொடியன் ஒருவன் ஓட்டத்திலேயே பந்தைச் சேர்த்தெடுத்து, எட்டு வைத்து, கூடைக்குள் போட்டான். விசில். மத்தியஸ்தர் கையை உருட்டிக் காட்டினார்: ட்ரவலிங்.

"சேர், நான் ரெண்டு ஸ்டெப்தான் வெச்சன்!"

"மூண்டு."

மறுகா என்ன, ஆட்டம் முடிஞ்சுது.

ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில்தான் பிரச்சினை. சர்வதேச விதி 2017 ஒக்டோபரில் தெளிவாக்கப்பட்டது. ஓடும்போது பந்து கட்டுப்பாட்டுக்குள் வருகிற கணத்தில் நிலத்தில் இருக்கும் கால் கணக்கில் இல்லை; அது பூச்சியம். அடுத்ததுதான் ஒண்டு, ரெண்டு. பொடியன் இதைப் போனில் பார்த்துப் பழகியவன். மத்தியஸ்தர் பழைய கண்ணால் எண்ணுகிறார்.

இது புதுச் சலுகையும் இல்லை. ஜேம்ஸ் நைஸ்மித் 1891இல் எழுதிய 13 விதிகளிலேயே, பந்தோடு ஓடக்கூடாது என்ற இடத்தில், வேகமாக ஓடிவந்து பிடிப்பவருக்கு விட்டுக்கொடுப்பு இருக்கிறது. றக்பியில் நொக்-ஒன் மாதிரித்தான்: கையில் பட்ட பந்து முன்னுக்குப் போனதா என்பதை ஒருவரின் கண்தான் தீர்மானிக்க வேணும். அதனால்தான் எல்லாக் கண்ணும் ஒரே விதியைப் பார்க்க வேணும்.

எங்கட பக்கத்துப் பிழையும் இருக்கு. நின்றுகொண்டு பந்து வாங்கினால் பூச்சியம் கிடையாது. அதை மறந்துபோட்டு "ஸீரோ ஸ்டெப்" என்று கத்துகிறவர்களும் நாங்கள்தான்.

மட்டக்களப்புக்கு இந்த விளையாட்டு நேற்று வந்ததல்ல. கிழக்குப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க யேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட், 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையில் இருந்து திரும்பும் வழியில் காணாமல் போனார். அவ்வளவு காலத்துக் களங்கள் இவை. இங்கே விதி ஊருக்கு ஊர் மாறலாமா?

நான் கேட்பது பெரிசா ஒண்டுமில்லை. ஆட்டம் தொடங்க முதல் ரெண்டு அணித்தலைவர்களையும் கூப்பிட்டு, எப்படி எண்ணப்போகிறேன் என்று மத்தியஸ்தர் நடந்து காட்டட்டும். ரெண்டு நிமிசம் போதும். பயிற்சியாளர் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு அதுதான் ஒரே வகுப்பு. தோற்றாலும், ஏன் தோற்றோம் என்று தெரிந்துகொண்டு பாலம் தாண்டி வீட்டுக்குப் போவான்.