திக்கும் காருக்கு என்ன வைத்தியம்?

1998இல் வெளிவந்த புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. காரின்மீது நம் பிள்ளைகளுக்கு இன்னும் மோகம் தீரவில்லை. பழைய வண்டிதானே, ஒரே சீராகப் போகும்போதே வெட்டி வெட்டி இழுக்கும். உடனே பிளக், பெட்ரோல் பம்ப் என்று மாற்றி ஓவர்டைம் காசைக் கரைக்கிறார்கள்.

முதலில் திராட்டில் சென்சாரைப் பாருங்கள். மிதியை எவ்வளவு அழுத்தினோம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். பழைய ரேடியோவின் சத்தக் குமிழ் தேய்ந்தால் கரகரக்குமே, அதே சங்கதி இங்கும்.

சாவியை ‘ஆன்’ செய்யுங்கள். இஞ்சினை முடுக்க வேண்டாம். சென்சாருக்கு 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று மீட்டரில் பாருங்கள். வராவிட்டால் கோளாறு ஒயரில், சென்சாரைப் பழிக்காதீர்கள். வந்தால் சிக்னல் ஒயரில் மீட்டரை வைத்து மிதியை மெல்ல, மிக மெல்ல அழுத்துங்கள். சுமார் அரை வோல்டில் தொடங்கி நாலரை வரை சீராக ஏற வேண்டும். நடுவில் சட்டென்று விழுந்தால் சென்சார் போய்விட்டது. இதற்கு எண் காட்டும் மீட்டரைவிட முள் மீட்டரே மேல். துள்ளல் கண்ணுக்குத் தப்பாது.

நிற்க. புதியதைப் பூட்டும் தம்பிகள், மிதியைத் தொடாதபோது வண்டியின் கையேட்டிலுள்ள அளவு வருகிறதா என்று பார்த்த பிறகே திருகை இறுக்குங்கள்.