பளபளப்பும் பாதுகாப்பும்



வீட்டிற்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் தன் உழைப்பின் பெரும் பங்கைச் செலவிட்டு வாங்கும் பொருள் யாது என வினவினால், நம் புறநகர்ப் பகுதிகளில் பெரும்பாலும் கிடைக்கும் விடை மோட்டார் சைக்கிள் என்பதே. அஸ்தினாபுரத்திலிருந்து கிண்டிக்கும் ஒரகடத்திற்கும் பணிக்குச் செல்வோர், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவோர், வீடுதோறும் பொருள் கொண்டுசேர்ப்போர் ஆகிய அனைவருக்கும் அதுவே துணை. மாதத் தவணை கட்டி முடியுமுன்பே அதன் வண்ணம் மங்கிவிட்டால் உள்ளம் வருந்துவது இயல்பே. "சாமி, நாள் தவறாமல் துடைத்துத்தான் வைக்கிறேன். இருந்தும் டாங்கி முழுவதும் சிலந்திவலை போலக் கீறல் விழுந்திருக்கிறதே!" என்று இளைஞர் ஒருவர் அண்மையில் கேட்டார். அவர் வினாவிலேயே விடையும் அடங்கியுள்ளது. நாள்தோறும் துடைத்தமையால்தான் கீறல் விழுந்தது. எங்ஙனம் என்பதை இத்திங்கள் காண்போம்.

வண்டியின் வண்ணம் ஒரே பூச்சு அன்று. இரும்புத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், அதற்கும் மேல் நிறமற்ற கண்ணாடி போன்ற மேற்பூச்சு என அது அடுக்கடுக்காய் அமைந்தது. இவை யாவும் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே தடிப்புடையவை. நாம் காணும் பளபளப்பு முழுவதும் அந்த மேற்பூச்சின் வழவழப்பில் இருக்கிறது. அதில் நுண்ணிய கீறல்கள் பெருகும்போது ஒளி நாற்புறமும் சிதறி, வண்ணம் வெளுத்ததுபோல் தோன்றுகிறது. உண்மையில் வண்ணம் போகவில்லை, வழவழப்பே போயிற்று.

கீறுவது எது? நம் பகுதியின் புழுதியே. பல்லாவரம், திரிசூலம் ஆகிய குன்றுகளில் நெடுங்காலம் கல் உடைத்ததை முதியோர் அறிவர். அக்குன்றுகளின் பாறைக்குச் சார்னோக்கைட் என்பது பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்த கல் இவ்வகையினதே என்று கண்டு, புவியியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து அப்பெயரைச் சூட்டினார். இப்பாறையில் குவார்ட்ஸ் எனும் படிகக்கல் கலந்துள்ளது. கனிமங்களின் கடினத்தைப் பத்துப் படிகளாகப் பகுத்துரைக்கும் அளவுகோலில் அது ஏழாம் படியில் நிற்பது. எஃகுக் கத்தியையும் கீறவல்லது. சாலை மணலிலும் கட்டட வேலை மணலிலும் இதுவே மிகுதி. இத்தகைய துகள்கள் படிந்த டாங்கியை உலர்ந்த துணியால் துடைப்பது, உப்புத்தாள் கொண்டு மெல்லத் தேய்ப்பதற்கு ஒப்பாகும். காலைதோறும் இருக்கைக்கு அடியிலிருந்து பழைய துணியை எடுத்து இருபுறமும் ஓங்கித் தட்டித் துடைக்கும் வழக்கத்தை இன்றே கைவிடுவது நன்று. நாள்தோறும் துடைத்தே ஆகவேண்டும் என்போர், முதலில் ஒரு குவளை நீரை ஊற்றிப் புழுதியை ஓடவிட்டு, பின்னர் ஈரத் துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுக்கட்டும்.

இனி, கழுவும் முறை. வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சினும் சைலன்சரும் முற்றிலும் ஆறிய பின்பே தொடங்க வேண்டும். வெயிலில் காய்ந்த தகட்டில் சோப்பு நீர் நொடியில் உலர்ந்து கறையாகிவிடும். முதல் வாளி நீரை மேலிருந்து கீழாக ஊற்றிப் புழுதியையும் சேற்றையும் ஊறவிடுக. இரண்டாம் வாளியில் வண்டிகளுக்கென விற்கும் ஷாம்பூவைச் சிறிதளவு கலந்து, மென்மையான துணியால் டாங்கி, பக்கத் தகடுகள், மட்கார்டு என்ற வரிசையில் மேலிருந்து கீழாகக் கழுவுக. சக்கரத்தையும் செயின் பகுதியையும் துடைத்த துணி மீண்டும் டாங்கியைத் தொடலாகாது. அவற்றிற்கெனத் தனித் துணி வேண்டும். துணி தரையில் விழுந்துவிட்டால் அலசாமல் அதனைப் பயன்படுத்தக் கூடாது. துணி துவைக்கும் தூளும் பாத்திரம் துலக்கும் சோப்பும் எண்ணெய்ப் பசையை அறுக்க ஆக்கப்பட்டவை. வண்டியின்மேல் இட்ட மெழுகையும் அவை உடன் அறுத்துவிடும். மண்ணெண்ணெயும் டீசலும் கொண்டு வண்டியைத் துடைப்பது பட்டறைகளின் பழைய வழக்கம். அது அப்போதைக்கு மினுமினுப்பைத் தரும். பின்னர் புழுதியை ஈர்த்து ஒட்டவைத்து, ரப்பர்ப் பாகங்களையும் கெடுக்கும்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். நம் பகுதியின் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல தெருக்களில் உப்புநீர். கழுவியபின் அது தானே உலர்ந்தால் சுண்ணாம்புச் சத்து வெண்புள்ளிகளாய்ப் படியும். வீட்டிலுள்ள குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரைப் பலர் வாளியில் பிடித்து வண்டி கழுவுகின்றனர். சிக்கனம் நன்றே, எனினும் அந்நீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும் ஆதலின், புழுதியை அகற்றும் முதல் வாளிக்கு மட்டும் அதைக் கொள்க. இறுதியில் அலசுவதற்கு மொட்டைமாடியில் பிடித்த மழைநீர் சிறந்தது. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடுகளில் அதன் குழாயிலிருந்து சொட்டும் நீரும் ஏறத்தாழ உப்பற்றது; இரவில் ஒரு வாளியை வைத்தால் காலையில் தேவையான அளவு சேர்ந்திருக்கும். அலசியவுடன் தூய மென்துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுக. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, நாம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்துநின்றதை மறந்திருக்க மாட்டோம். ஒரு வண்டிக்கு மூன்று வாளி நீர் போதும். குழாயைத் திறந்துவிட்டுக் கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பது எவ்வகையிலும் தகாது.

கழுவி உலர்ந்த வண்டிக்கே மெழுகு இடவேண்டும். கடைகளில் 'பாலிஷ்' என்ற ஒரே பெயரில் இரு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, நுண்ணிய அரமணல் கலந்தது; ரப்பிங் காம்பவுண்டு இவ்வகையினது. அது மேற்பூச்சையே சிறிது சிறிதாகத் தேய்த்துக் கீறலை மறைக்கும். அடிக்கடி தேய்த்தால் மேற்பூச்சு மெலிந்து ஒருநாள் நிறமே வெளிப்படும். மற்றொன்று மெழுகு. அது எதையும் தேய்ப்பதில்லை. மேலே மெல்லிய போர்வையாய்ப் படிந்து நீரையும் புழுதியையும் விலக்கி நிற்கும். இவற்றுள் புகழ்பெற்றது கார்னோபா மெழுகு. அது பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. கோடை வறட்சியில் ஈரம் இழவாதிருக்க அப்பனை தன் ஓலைக்குப் பூசிக்கொள்ளும் காப்பு அது. தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை வெப்பத்தில் உருகும். கார்னோபாவோ 80 பாகையைக் கடந்த பின்னரே உருகும். சித்திரை வெயிலில் கை வைக்க இயலாதபடி சுடும் நம் டாங்கிகளுக்கு அது பொருந்துவதன் காரணம் இதுவே.

மெழுகை அள்ளிப் பூசுவதால் பயன் மிகாது. ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்து, ஒவ்வொரு தகடாக மெல்லப் பரப்பி, மங்கலாகக் காய்ந்ததும் வேறொரு தூய துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று திங்களுக்கு ஒருமுறை போதும். புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், கட்டாயம் ஒருமுறை. தெளித்த நீர் முத்துமுத்தாய்த் திரண்டு உருண்டால் மெழுகு இருக்கிறது. பரவி நின்றால் தீர்ந்துவிட்டது. ஒளிராத மங்கல் வண்ணத்தில் இப்போது வரும் வண்டிகளுக்கு மட்டும் மெழுகும் பாலிஷும் ஆகா. ஆங்காங்கே திட்டாய் மின்னி அழகைக் கெடுக்கும்.

இங்கே உயிரோடு தொடர்புடைய ஒன்றை அழுத்திக் கூற விழைகிறோம். தகடுகளுக்கு நன்மையான மெழுகு, வேறு இடங்களில் பகையாகும். டயரைக் கறுப்பாய் மின்னச் செய்யும் பூச்சு, காருக்குப் பக்கவாட்டில் இருந்தால் தீங்கில்லை. மோட்டார் சைக்கிளோ வளைவில் சாய்ந்து செல்லும் ஊர்தி. அப்பூச்சு டயரின் ஓரத்தில் பட்டாலும் பிடிப்பு நழுவும். பிரேக் டிஸ்க்கில் மெழுகோ எண்ணெயோ பட்டால் மிதித்தும் வண்டி நில்லாது. இருக்கை, கைப்பிடி, கால்மிதி ஆகியவற்றிற்கும் மெழுகு வேண்டா, வழுக்கிவிடும். கழுவி முடித்ததும் பிரேக்கில் ஈரம் தங்கியிருக்கும் ஆதலின், நெடுஞ்சாலைக்குச் செல்லுமுன் தெருவில் மெதுவாக ஓட்டி இருமுறை மும்முறை பிரேக்கைப் பிடித்துப் பார்த்துக்கொள்க. எல்லாவற்றினும் மேலாக, எஞ்சினை ஓடவிட்டு, சுழலும் செயினில் துணியை வைத்துத் துடைக்கும் பழக்கம் கொடியது. துணியைச் செயின் கவ்வினால் விரலும் உடன்செல்லும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் இட்டு, சக்கரத்தைக் கையால் சிறிது சிறிதாகத் திருப்பித் துடைப்பதே முறை. அருகில் சிறு குழந்தைகள் இருப்பின் இதில் இருமடங்கு கவனம் வேண்டும். நெடுநாள் உழைத்த விரல் ஒரு நொடியில் போய்விட்டால் எந்தப் பளபளப்பு அதை ஈடுசெய்யும்?

வண்ணத்திற்குப் பகையாவன வேறு சிலவும் உள. காக்கை எச்சம் வெயிலில் காய்ந்தால் அது மேற்பூச்சை அரிக்கும். நகத்தால் சுரண்டாமல் ஈரத் துணியைச் சிறிது நேரம் அதன்மேல் போர்த்தி ஊறவைத்து எடுக்க வேண்டும். சிந்திய பெட்ரோலை உடனே நீரூற்றித் துடைக்க வேண்டும். பிரேக் எண்ணெய் பட்டால் வண்ணம் உரிந்தே போகும். ஆகவே தாமதமின்றிக் கழுவுக. மரநிழல் இனியதே, ஆயினும் சில மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சொரியும் பிசுபிசுப்பு தகட்டில் ஒட்டும். பிளாஸ்டிக் தாள் போர்த்தி மூடினால் உள்ளே வியர்த்து ஈரம் தங்கித் துரு வளரும். காற்றுப் புகும் துணி உறையே ஏற்றது. கல்பட்டுத் தெறித்த சிறு புள்ளியை அசட்டை செய்யலாகாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்பே உடைய டாங்கித் தகட்டில் துரு வேரூன்றினால், நாளடைவில் ஊசித்துளை விழுந்து பெட்ரோல் கசியும். அது வெறும் அழகுக்குறை அன்று; தீ விபத்திற்கு வாயில். புள்ளியைத் தூய்மை செய்து அதே நிறத்தை உடனே தொட்டுவைத்தால் செலவும் சொற்பம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்குத் தனிக் கவனம் தேவை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் எண்ணற்ற வண்டிகள் நீருள் கிடந்தன. அத்தகைய வண்டியைக் கண்டவுடன் உதைத்துக் கிளப்பலாகாது. உள்ளே புகுந்த நீர் எஞ்சினை முறித்துவிடும். வண்டல் சேறு உலர்ந்து இறுகுமுன் மிகுந்த நீரால் கரைத்துக் கழுவி, தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் சேர்ப்பதே அறிவுடைமை.

இத்தனை பேணுதலும் வீண் பகட்டோ எனச் சிலர் எண்ணலாம். 1955ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியாவை நிறுவியபின், நம் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான புல்லட் வண்டிகளின் டாங்கியில் ஓரக்கோடுகளைக் கைத்தொழிலாளர் தூரிகை கொண்டு வரைந்தனர். அளவுகோலின்றி, கை நடுங்காமல், ஒரே மூச்சில் இழுத்த கோடுகள் அவை. அப்பழைய வண்டிகள் இன்றும் நம் தெருக்களில் ஓடுவதைக் காண்கிறோம். அவற்றை மென்துணியால் பேணியவர்களின் வண்டியில் கோடு நிலைத்திருக்கிறது. அழுத்தித் தேய்த்தவர்களின் வண்டியில் அது மறைந்துவிட்டது. முகமறியாத ஒருவருடைய கைத்திறனை மதித்துக் காப்பது பகட்டு ஆகாது.

ஆகவே, வருகின்ற சனிக்கிழமை மாலை, வெயில் தணிந்தபின், மூன்று வாளி நீரும் மூன்று தூய துணிகளும் எடுத்து வைத்துத் தொடங்குங்கள். பிள்ளைகளும் உடன் நின்று கற்கட்டும். செயின் பக்கம் மட்டும் அவர்கள் வரவேண்டா.