பேரப்பிள்ளையிடம்கூடத் தோற்க மாட்டார் இந்தத் தாத்தா! - ஒரு மூளை ஸ்கேன் கிளறிவிட்ட குடும்பக் கதை

பேரப்பிள்ளைகளோடு கேரம் ஆட உட்காரும் தாத்தாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? குழிக்கு நேராக நிற்கும் காயைக்கூட, ‘அடடா, தப்பிச்சுடுச்சே!’ என்று தவறவிடுவார்கள். எதிரில் இருக்கும் வாண்டு கைதட்டிச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் தாத்தாவின் தோல்வி.

ஜேம்ஸ் ஃபாலன் அந்த ரகத் தாத்தா அல்ல. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மூளை விஞ்ஞானி இவர். பேரப்பிள்ளைகளாகவே இருந்தாலும் விளையாட்டில் ஜெயிக்க விட மாட்டேன் என்று பேட்டியிலேயே ஒப்புக்கொண்டவர். மனைவி, பிள்ளைகள், பேராசிரியர் வேலை, நிறைய நண்பர்கள் என எல்லாம் இருந்த மனிதர். வெளியில் இருந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கொலைகாரர்களின் மூளையை ஆராய்ந்துகொண்டிருந்த அவரிடம், ஒருநாள் அவருடைய மூளையே வந்து மாட்டிக்கொண்டது.

அடுக்கின் அடியில் இருந்தது யார்?

2005 அக்டோபர் மாதம். இர்வைன் நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃபாலனின் மேசை மீது இரண்டு அடுக்குகள் இருந்தன. ஒன்றில் கொலைகாரர்களின் மூளை ஸ்கேன்கள். இன்னொன்று, அல்சைமர் எனும் மறதி நோய் ஆராய்ச்சிக்கானது. நோயாளிகளோடு ஒப்பிட ஆரோக்கியமானவர்களின் ஸ்கேனும் வேண்டுமல்லவா? அதற்காகத் தன் வீட்டு ஆட்களையே கூப்பிட்டு ஸ்கேன் எடுத்திருந்தார். தன்னையும் சேர்த்துத்தான்.

வீட்டு ஆட்களின் ஸ்கேன்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் நார்மல். அடுக்கின் அடியில் இருந்த ஒன்று மட்டும் இடித்தது. கண்களுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி அதில் மந்தமாக இருந்தது. மனசாட்சி, சுயகட்டுப்பாடு, அடுத்தவர் வலியை உணர்வது போன்றவற்றோடு தொடர்புடைய பகுதி அது. கொலைகாரர்களின் ஸ்கேன்களில் அவர் பார்த்துப் பழகிய அதே மந்தம்.

‘அந்த அடுக்கில் இருந்தது இங்கே மாறி வந்துவிட்டது’ என்றுதான் முதலில் நினைத்தார். மெஷினைச் சரிபார்த்தார். எந்தக் கோளாறும் இல்லை. ஸ்கேன்களில் பெயர் இருக்காது, குறியீடு மட்டும்தான் இருக்கும். குறியீட்டை உடைத்துப் பார்த்தால், அங்கே இருந்தது அவருடைய பெயர்.

பிறகு அவருடைய அம்மா ஒரு பழைய குடும்பக் கதையை எடுத்துவிட்டார். அப்பா வழி முன்னோரில் தாமஸ் கார்னெல் என்பவர், பெற்ற தாயைக் கொன்றதாக 1673-ல் தூக்கிலிடப்பட்டவர். 1892-ல் அப்பாவையும் மாற்றாந்தாயையும் கோடரியால் வெட்டிக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டு, பிறகு விடுதலையான லிஸி போர்டனும் தூரத்து உறவு. மரபணுச் சோதனையிலும் முரட்டுத்தனத்தோடு தொடர்புபடுத்தப்படும் சில அம்சங்கள் ஃபாலனுக்கு இருந்தன.

இதையெல்லாம் படிக்கும்போது சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால், முந்நூறு வருடம் பின்னோக்கிப் போனால் எந்தக் குடும்பத்தில்தான் ஒரு வில்லன் சிக்க மாட்டான்? ஒரே ஒரு ஸ்கேனை வைத்து ஒருவரை ‘சைக்கோபாத்’ என்று முத்திரை குத்தவும் முடியாது. ஃபாலன் கதையில் அசல் ஆதாரம் கிடைத்தது லேபில் அல்ல, அவருடைய வீட்டில்.

‘சைக்கோ’ வேறு, சைக்கோபாத் வேறு

அதற்கு முன்னால் இந்த வார்த்தையைக் கொஞ்சம் சரிசெய்துகொள்வோம். கணக்கு டீச்சர் முதல் பக்கத்து வீட்டு அங்கிள் வரை, பிடிக்காத எல்லோருமே நமக்கு ‘சைக்கோ’தான். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படம் 1960-ல் வந்ததில் இருந்து சினிமாவும் கத்தியோடு திரியும் ஆட்களுக்கு அந்தப் பெயரை வைத்துப் பழக்கிவிட்டது.

காதில் குரல் கேட்பது, இல்லாததை இருப்பதாக நம்புவது போன்றவை ‘சைக்கோசிஸ்’ வகை. அது நோய், மருந்து உண்டு, அவர்களில் பெரும்பாலானோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள். ‘சைக்கோபாத்’ என்பது வேறு சங்கதி. புத்தி தெளிவாக இருக்கும். தான் செய்வது தவறு என்பதும் தெரியும். அது உறுத்தாது, அவ்வளவுதான்.

இதை முதன்முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் ஹெர்வி கிளெக்லி என்ற அமெரிக்க மனநல மருத்துவர். 1941-ல் வெளியான தன் புத்தகத்துக்கு அவர் வைத்த பெயரின் பொருள், ‘தெளிந்த புத்தி என்ற முகமூடி’. அவர் விவரித்த ஆட்கள் பெரும்பாலும் ரத்தம் சொட்டும் கொலைகாரர்கள் அல்ல. பழக இனிமையானவர்கள், கெட்டிக்காரர்கள்; வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள், கையும் களவுமாகப் பிடித்தாலும் முகம் வாடாதவர்கள்.

பிறகு கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ராபர்ட் ஹேர், இதை அளக்க 20 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார். நாக்கில் தேன், தன்னைப் பற்றிய மிகையான எண்ணம், கூசாமல் பொய், குற்ற உணர்ச்சி இல்லாமை, பழியை அடுத்தவர் மேல் போடுவது என்று போகும் அந்தப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30-ஐத் தொட்டால்தான் சைக்கோபாத் என்பார்கள். பொதுமக்களில் நூற்றுக்கு ஒருவர் அப்படி இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இங்கே கவனிக்க வேண்டியது, இது ‘இருக்கு, இல்லை’ கணக்கு அல்ல. சர்க்கரை அளவு மாதிரி ஏறி இறங்கும். 40-ல் 3, 4 வாங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். அந்த இடைப்பட்ட ஏரியாவில் இருப்பவர்கள் ஜெயிலுக்குப் போக மாட்டார்கள். வேலைக்குப் போவார்கள், கல்யாணம் செய்துகொள்வார்கள், நம்மோடு ஒரே வீட்டில் சாப்பிடுவார்கள்.

வீடு சொன்ன ரிசல்ட்

ஃபாலன் ஒரு விஞ்ஞானி செய்யும் காரியத்தைத்தான் செய்தார். மனைவி, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், நண்பர்கள், மனநல மருத்துவர்களான சகாக்கள் என எல்லோரிடமும், ‘என்னைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டார்.

யாருக்கும் அதிர்ச்சி இல்லை. ‘இதைத்தானே வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்’ என்பதுதான் பலருடைய பதிலும். மற்றவர்கள் மனதைப் பற்றி அக்கறையே இல்லாதவர், ஆட்டுவித்துப் பார்ப்பவர், தன் குஷிக்காக அடுத்தவரை ஆபத்தில் இறக்குபவர் என்ற ரீதியில் பதில்கள் வந்து விழுந்தன. இப்படி ஒரு பதிலைக் கேட்டால் நமக்கெல்லாம் நான்கு நாள் தூக்கம் வராது. ஃபாலனுக்கு அது பெரிதாகப் படவே இல்லை. அப்படிப் படவில்லை என்பதைக் கவனித்தபோதுதான், ‘இவர்கள் சொல்வது சரிதான் போலிருக்கிறது’ என்று அவருக்கே தோன்றியது.

வெளியில் பார்த்தால் எல்லாமே சின்னச் சின்ன விஷயங்கள். விசேஷ வீட்டுக்குப் போக வேண்டிய நாளில் அதைவிட ஜாலியாக ஏதாவது அமைந்தால், ஒரு சாக்குச் சொல்லிவிட்டு அங்கே போய்விடுவார். வீட்டு ஆட்களையும் முன்பின் தெரியாதவர்களையும் ஒரே மாதிரிதான் நடத்துவார். கேட்பதற்குப் பெருந்தன்மை மாதிரி இருக்கும். கூட வாழும் மனைவிக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சின்ன விஷயம் அல்லாத ஒன்றும் உண்டு. ஃபாலன் கென்யாவின் நைரோபியில் வேலை பார்த்த சமயத்தில், அவருடைய சகோதரர் அங்கே வந்தார். எல்கான் மலையில் கிட்டும் என்றொரு குகை. இரவில் யானைகள் உள்ளே நுழைந்து, பாறையில் இருக்கும் உப்பைப் பெயர்த்துத் தின்னும் அபூர்வமான இடம். ‘வா, காட்டுகிறேன்’ என்று கூட்டிப்போனார். ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அந்தக் குகைக்குப் போய்வந்த இருவர், 1980-ல் ஒருவரும் 1987-ல் ஒரு சிறுவனும், எபோலாவின் பங்காளியான மார்பர்க் வைரஸ் தாக்கி இறந்திருந்தார்கள். ஃபாலனுக்கு அந்த வைரஸ் விஷயம் தெரியும். தெரிந்ததால்தான் அந்தக் குகையைப் பார்க்க அவருக்கு ஆசையே வந்தது.

இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சில வருடங்கள் கழித்து சகோதரருக்கு விஷயம் தெரியவந்தது. ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிடக்கூடிய காரியமா அது? அதற்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் நம்பிக்கை பழையபடி இல்லை.

ஆபீஸில் எப்படி இருப்பார்கள்?

ஹேரும் அவருடைய சகாக்களும் 203 கார்ப்பரேட் ஊழியர்களை ஆராய்ந்து 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பதவி உயர்வுக்காக நிறுவனங்களே தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஆட்கள் அவர்கள். அவர்களில் ஏறக்குறைய 4 சதவிகிதம் பேர் 30 மதிப்பெண்ணைத் தொட்டார்கள். பொதுமக்களில் இருப்பதைவிட இது கூடுதல். அதிக மதிப்பெண் வாங்கியவர்களைப் பற்றி நிறுவனங்கள் எழுதிவைத்திருந்த குறிப்புகள்தான் சுவாரஸ்யம். பேச்சுத்திறன், ஐடியா எல்லாம் பிரமாதம். வேலையும், டீமோடு ஒத்துப்போவதும் சுமார். பேச்சு ஒரு பக்கமும் வேலை ஒரு பக்கமும் கிடக்க, பதவி மட்டும் ஏறிக்கொண்டே போகிற யாராவது இப்போது உங்கள் நினைவுக்கு வரலாம். வரட்டும். ஆனால், வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.

ஏனென்றால், ஹேரின் பட்டியல் பயிற்சி பெற்றவர்கள் கையாள வேண்டிய கருவி. நீண்ட நேர்காணல், பழைய ஆவணங்கள் எல்லாம் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். மொபைலில் வரும் ‘உங்கள் கணவர் சைக்கோபாத்தா? 10 கேள்விகள்’ டைப் க்விஸ் எதற்கும் ஆகாது. வளரும் பிள்ளைகள் மேல் இந்தப் பெயரை மருத்துவர்களே ஒட்டுவதில்லை. 2015-ல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகம், 135 மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், ஈரமில்லாத மனம் கொண்டவர்களுக்கு அடுத்தவர் கொட்டாவி அவ்வளவாகத் தொற்றவில்லை என்று தெரிந்தது. இதைப் படித்துவிட்டு இன்றிரவு வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுப் பார்ப்பீர்கள். வேண்டாம். டி.வி-யில் மேட்ச் ஓடினால் எந்த நல்ல மனிதருக்கும் கொட்டாவி தொற்றாது.

பெயர் எதுவாக இருந்தாலும் நடத்தைதான் கணக்கு. அடி விழுகிறது, மிரட்டல் வருகிறது என்றால் அவர் 40-க்கு எவ்வளவு வாங்குவார் என்ற ஆராய்ச்சியெல்லாம் தேவையே இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416.

சுவிட்ச் போட்டால் எரியுமா?

இவர்களுக்கு அடுத்தவர் வலியை உணரும் சக்தியே கிடையாதா? நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2013-ல் வெளியானது. சைக்கோபாத் குற்றவாளிகளை ஸ்கேனில் படுக்கவைத்து, ஒருவர் கையை இன்னொருவர் அடிப்பது, தடவிக்கொடுப்பது போன்ற வீடியோக்களைக் காட்டினார்கள். சும்மா பார்க்கச் சொன்னபோது, வலியைப் பகிர்ந்துகொள்ளும் மூளைப் பகுதிகள் மற்றவர்களுக்கு இருந்த அளவுக்கு விழிக்கவில்லை. ‘அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு எப்படி இருக்கும் என்று உணர்ந்து பாருங்கள்’ என்று சொல்லிக் காட்டியபோது, வித்தியாசம் பெருமளவு குறைந்துவிட்டது. நமக்குத் தானாக எரியும் விளக்கு, அவர்களுக்கு யாராவது சுவிட்சைப் போட்டால்தான் எரிகிறது.

தான் ஏன் கொலைகாரன் ஆகவில்லை என்ற கேள்விக்கு ஃபாலன் சொன்ன பதிலும் குடும்பத்தைத்தான் கைகாட்டியது. அவர் பிறப்பதற்கு முன்னால் அம்மாவுக்குப் பலமுறை கரு கலைந்திருந்தது. அதற்குப் பின் வந்த பிள்ளை என்பதால் கையில் வைத்துத் தாங்கினார்கள். எல்லாமே மரபணுதான் என்று அதுவரை அடித்துப் பேசிவந்த விஞ்ஞானி, அந்தத் தாங்கல்தான் தன்னைக் காப்பாற்றியது என்று மாற்றிச் சொன்னார். ஒரு தனிமனிதரின் கதை இது. எல்லோருக்கும் பொருந்தும் ஃபார்முலா அல்ல.

அறுபது வயதுக்குப் பிறகு ஃபாலன் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தார், தன் மேலேயே. வீட்டில் எதைச் செய்யும் முன்பும், ‘ஒரு நல்ல மனுஷன் இந்த இடத்தில் என்ன செய்வான்?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டு அதைச் செய்வது. முதலில் மனைவியிடம் ஆரம்பித்தார். அப்போதுதான் தெரிந்தது, ஒவ்வொரு தடவையும் மனதில் முதலில் எழுவது சுயநலமான பதில்தான் என்று. அதை அமுக்கிவிட்டு அடுத்ததைத் தேட வேண்டியிருந்தது. சதா இதே வேலையாக இருப்பது ஆளையே களைப்பாக்குகிறது என்றார்.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ‘என்ன ஆச்சு உங்களுக்கு?’ என்று மனைவி கேட்டார். ஃபாலன் பொய் சொல்லவில்லை. ‘தப்பாக எடுத்துக்கொள்ளாதே, இதெல்லாம் மனதில் இருந்து வருவதில்லை. என்னால் முடிகிறதா என்று ஒரு சோதனை’ என்கிற மாதிரி விளக்கினார்.

அது தனக்குப் பெரிய விஷயமே இல்லை, நல்லபடியாக நடத்துகிறீர்களே, அது போதும் என்றுவிட்டார் மனைவி.