பெறாத பட்டம்
அமெரிக்கச் சர்வகலாசாலைகள் தம் நாட்டு உதைபந்தாட்டத்துக்குத் தலைமைப் பயிற்சியாளரைத் தேடுவது, நாம் மாப்பிள்ளை தேடுவது போன்ற காரியம். விளையாட்டுப் பணிப்பாளர் இரகசியமாக விசாரிப்பார். வேறோர் அணியை வெற்றிபெறச் செய்தவரையே பெரும்பாலும் நாடுவார். 2001 டிசம்பரில் நோட்டர் டேம் சர்வகலாசாலை ஜோர்ஜ் ஓலியரியை அவ்வாறே தெரிந்தெடுத்தது.

ஐந்தே நாட்களில் அவர் பதவி துறந்தார். பெறாத முதுமாணிப் பட்டத்தையும், ஆடாத ஆட்டங்களுக்கான விருதுகளையும் பல்லாண்டுகளுக்கு முன்னரே தம் தகைமைக் குறிப்பில் அவர் சேர்த்திருந்தமை வெளியாயிற்று.

பின்னர் மத்திய புளொரிடா சர்வகலாசாலை அவரை ஏற்றது. 2014இல் அவரது அணி பியெஸ்டா கிண்ணப் போட்டியில் வாகை சூடியது. இத்துணை ஆற்றலுடையவருக்கு அந்தப் பொய் எதற்கு? விண்ணப்பம் எழுத அமரும் மாணவரை நாம் கேட்பதும் இதுவே.