தீவு வேண்டாம், கொட்டகை போதும்

நம்மூர் ஓவியர்களுக்கு ஒரு தீவு ரெசிடென்சி வந்தால்தான் விடிவு என்றார் நண்பர். கடல் சூழ்ந்த இடம், எட்டுப் பேர், ஒரு மாதம், சோறு, வண்ணம், அமைதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. நான் போய்விட்டு வந்தவன்.

எந்தத் தீவு, யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுத நெய்க்காரப்பட்டியில் ஆள் கிடைக்காமல் பழனிக்குப் போனேன். என் படங்கள் எதைப் பற்றியவை என்று நானே அறியாத ஐந்நூறு சொற்கள் அதில் இருந்தன. தேர்வாகிவிட்டேன். படகுக்காரர் வழியில் விசாரித்தார்.

“ஒரு மாசம் சோறு போட்டு படம் வரையச் சொல்றாங்களா தம்பி?”

“ஆமாண்ணே.”

“அப்ப வீட்டை யாரு பாக்குறா?”

நான் சிரித்து மழுப்பினேன். வீட்டைப் பார்த்தது என் மனைவி. பள்ளிக்கூட வேலைக்கும் போய்க்கொண்டு, படுத்த படுக்கையாய்க் கிடந்த என் அம்மாவையும் கழுவித் துடைத்துக்கொண்டு. என்னோடு தேர்வான இன்னொரு ஓவியர் வரவேயில்லை. அவருக்கு இரண்டு வயதுக் குழந்தை, குழந்தைகளுக்கு அனுமதியில்லை. அந்த அமைதிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பது எந்தக் கையேட்டிலும் அச்சாவதில்லை.

அந்த ஒரு மாதம் எனக்கு ஒன்றும் தரவில்லை என்று சொன்னால் அது பொய். பதினைந்து வருடத்தில் முதல்முறையாகப் பகல் வெளிச்சத்தில் தொடர்ந்து வரைந்தேன். நேரம் கிடைத்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் கடைசி நாள் ‘ஓப்பன் ஸ்டூடியோ’வுக்கு வந்த தீவுக்காரர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுடைய வலைகளை நாங்கள் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தோம். ஒரு பெரியவர் அதைத் தொட்டுப் பார்த்து, “இது கிழிஞ்சதாச்சே” என்றார். எங்கள் மொத்தக் கண்காட்சிக்கும் வந்த நேர்மையான விமர்சனம் அது ஒன்றுதான்.

தீவு என்றதும் எல்லோரும் ஜப்பானின் நவோஷிமாவைக் காட்டுகிறார்கள். சரி, அதையே பார்ப்போம். அது ஆளில்லாத சொர்க்கமாக இருந்ததில்லை. 1917 முதல் அங்கே செம்பு உருக்காலை நடந்தது. அதன் புகையில் மலைகள் மொட்டையாயின. பக்கத்துத் தீவான தெஷிமாவில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து மக்கள் பல்லாண்டுகள் போராடினார்கள். நவோஷிமாவில் பெனெஸ்ஸே ஹவுஸ் திறந்தது 1992இல். ஊருக்குள் இருந்த பழைய வீடுகளைக் கலைக்கூடங்களாக மாற்றும் வேலை 1998இல் தொடங்கியது. செத்தோஉச்சி திருவிழா 2010இல்தான் வந்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் பணமும் பல பத்தாண்டுப் பொறுமையும் அதன் பின்னால் இருக்கின்றன. முப்பது நாள் தங்கிவிட்டு மூட்டை கட்டும் நம் திட்டத்துக்கு அதைச் சாட்சியாகக் கூப்பிடுவது நியாயமில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலத்தைத் தொடங்கினார்கள். ஓவியம் விற்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் பாட்டிக் துணி செய்து விற்றார்கள். அந்தக் காசு நிலமாயிற்று. கைவினை அடுப்பை எரித்தது, ஓவியம் யாருக்கும் கைகட்டாமல் நின்றது. தேர்வுக்குழு கிடையாது, கடைசி நாளும் கிடையாது. குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களும் ராமானுஜத்தின் கோட்டோவியக் கனவுலகமும் அந்த மணலிலிருந்து வந்தவை.

அதுவும் ஒரு தீவாகிப்போனதே என்று கேட்பீர்கள். உண்மைதான். இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலை விலையில் ஓர் இளம் ஓவியனால் அங்கே ஒரு சென்ட் வாங்க முடியாது. ராமானுஜம் 1973இல் தன்னையே மாய்த்துக்கொண்டார். கூடி வாழ்வது எல்லாத் தனிமையையும் தீர்த்துவிடவில்லை. இருந்தாலும் கூட்டாக நிலம், கூட்டாக ஒரு தொழில், வேலை செய்ய இடம் என்கிற அந்தக் கணக்கு தப்பில்லை. அதை ஒவ்வொரு ஊரும் தன் அளவில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நாம் போடவில்லை. விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொண்டோம்.

எங்கள் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஊர். கரும்பாலைக் கொட்டகைகளில் சில இப்போது சும்மா கிடக்கின்றன. உயரமான கூரை, நாலு பக்கமும் காற்று, தண்ணீர் வசதி. ஃப்ளெக்ஸ் வந்தபிறகு தூரிகையை மூட்டை கட்டிவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போகும் போர்டு ஆர்ட்டிஸ்ட்டுகள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். எழுத்தின் வளைவை அவர்களிடம்தான் நான் கற்றேன். ஓவிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வரைவதை விட்ட பெண்கள் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவரையும் எந்தப் படகும் ஏற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஒரு தீவு ரெசிடென்சியின் ஒரு மாதச் செலவில் ஒரு கொட்டகைக்கு எத்தனை வருட வாடகை கொடுக்கலாம் என்று நண்பரிடம் கேட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திறந்திருக்கட்டும். குழந்தைகள் ஓரமாக விளையாடட்டும். வேலை முடித்து வருகிறவன் இரண்டு மணி நேரம் வரைந்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடட்டும்.

“அதுல என்ன இன்டர்நேஷனல் இருக்கு?” என்றார் நண்பர்.

ஒன்றும் இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.