வாரத்தில் ஒரு மணி நேரம் – இதற்குப் பெயர் வேலையா?

விவசாயப் பெருமக்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே!

நாட்டில் வேலையின்மை குறைந்துவிட்டதாம். 2017-18-ல் 6.1 சதவீதம், 2023-24-ல் 3.2 சதவீதம் என்கிறது மத்திய அரசு. கேட்கச் சந்தோஷம்தான். ஆனால் காலை பத்து மணிக்கு நம்ம ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் யார்? பி.இ. முடித்தவன், பாலிடெக்னிக் முடித்தவன், பி.எட். முடித்தவன்!

கணக்கு எடுக்கிற லட்சணத்தைப் பாருங்கள். அந்த ஆண்டுக் கணக்கில், 365 நாளில் 30 நாள் ஏதோ ஒரு வேலை பார்த்தாலே அவர் வேலையுள்ளவர். 2025 முதல் மாதாமாதம் வெளியிடும் கணக்கு இன்னும் மோசம். ஏழு நாளில் ஒரே ஒரு மணி நேரம் போதும்! சம்பளம் வாங்கியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அப்பாவுக்கு ஒத்தாசையாக மடை திருப்பிவிட்ட பட்டதாரியும், சொந்த வயலில் களை பறித்த நம் வீட்டுப் பெண்களும் இந்தக் கணக்கில் வேலையுள்ளவர்களே.

ஏழை வீட்டில் சும்மா இருக்க முடியுமா? கிடைத்ததைச் செய்கிறோம். அதையே காட்டி, உனக்குத்தான் வேலை இருக்கிறதே என்கிறார்கள்!

வளர்கிற நாட்டில் ஆட்கள் வயலிலிருந்து ஆலைக்குப் போக வேண்டும். இங்கே தலைகீழ். 2018-19-ல் உழைப்போரில் 42.5 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தோம். 2020 ஊரடங்கில் பட்டணம் துரத்தியவர்களும் வந்து சேர்ந்தார்கள். 2023-24-ல் 46.1 சதவீதம். ஆனால் நாட்டின் உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கு சுமார் 18 சதவீதம்தான். இரண்டு பேர் வேலையை நாலு பேர் பங்கு போடுகிறோம். இதுதான் மறைமுக வேலையின்மை.

"ஆளே கிடைக்கல, வேலையில்லைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நடவுக்குச் சில நாள், எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ஆள் வேண்டும். அறுப்பை மிஷின் எடுத்துக்கொண்டது. மற்ற நாளில் அவர்கள் அடுப்பு எப்படி எரியும்? அதனால்தான் திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். நெல்லுக்குக் கட்டுப்படியான விலை இல்லை, அதனால் நம்மால் கூலி கூட்ட முடியவில்லை. கூலி இல்லாத இடத்தில் ஆள் நிற்குமா?

2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தை 2025 டிசம்பரில் எடுத்துவிட்டு, 125 நாள் என்று புதுச் சட்டம் போட்டார்கள். நாள் கூடியது. ஆனால் செலவில் 40 சதவீதத்தை மாநிலத்தின் தலையில் கட்டினார்கள். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வேலையை நிறுத்தலாமாம். ஆள் கிடைக்கும் என்று நமக்கு ஆசை காட்டுகிறார்கள். ஏமாற வேண்டாம்! அந்த வேலை அட்டை நம்மில் பல சிறு விவசாயி வீட்டிலும் இருக்கிறது. நம் சண்டை கூலியாளோடு இல்லை.

நாம் கேட்பது:

1. எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று சேர்த்துக் கணக்கெடு!
2. சுவாமிநாதன் குழு 2006-ல் சொன்னபடி, உற்பத்திச் செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்து விலை கொடு!
3. 125 நாள் வேலையைக் குறையாமல் கொடு! ஏரி, வாய்க்கால் தூர்வார அதைப் பயன்படுத்து!
4. படித்த பிள்ளைகளுக்கு விளைபொருள் சார்ந்த தொழில்களை ஒன்றியந்தோறும் தொடங்கு!

மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைப்போம். கூலி வேலைக்குப் போகிறவரையும் கையோடு கூட்டி வாருங்கள். டீக்கடை பெஞ்சில் இருக்கிற பிள்ளைகளையும் எழுப்பி வாருங்கள்.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்!

– செயலாளர், விவசாயிகள் சங்கம்