மாணவர் மேடை: எந்தக் கல்லூரி?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்குந்தோறும் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் எழும் கேள்வி இதுவே. அமைப்புப் பொறியியல் பயில விழையும் பிள்ளைகளும் நம்மிடையே உளர். பற்பல உறுப்புகளை இணைத்து, முழுமையும் இசைந்து இயங்கச் செய்யும் துறை அது. 1975-இல் விண்ணேறிய ஆரியபட்டா நம் பீனியாவில் உருப்பெற்றதன்றோ? மின்கலமும் வானொலியும் ஆய்வுக் கருவியும் ஒன்றுக்கொன்று இணங்கி நிற்கச் செய்வதே அத்துறையின் உயிர்நிலை.

ஆயினும், இளநிலைப் பட்டத்தில் அப்பெயரோடு வகுப்பு நடத்தும் கல்லூரிகள் மிகச் சில. ஆகவே பெயரைத் தேடி அலைதல் வேண்டா. இயந்திரவியல், மின்னணுவியல், தொழிலகப் பொறியியல் ஆகியவற்றுள் ஒன்றைச் செம்மையாகக் கற்றுப் பின்னர் மேற்படிப்பில் இதனைப் பயிலலாம்.

அடுத்து, பெற்றோர் காலத்தே அறிய வேண்டுவது ஒன்றுண்டு. கர்நாடக அரசின் பொது நுழைவுத் தேர்வு வழியே அரசு ஒதுக்கீட்டு இடம் பெற, முதல் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையே ஏழு கல்வியாண்டுகளேனும் இம்மாநிலத்தில் பயின்றிருத்தல் வேண்டும் என்பது முதன்மையான விதி. ஆறாம் வகுப்பில் இங்கு வந்து சேர்ந்த பிள்ளைக்குக் கணக்குச் சரியாகும். ஏழாம் வகுப்பில் வந்த பிள்ளைக்கு ஓராண்டு குறையும். வேறு சில பிரிவுகளும் உண்டு. அவற்றை அவ்வாண்டின் கையேட்டில் பார்த்துக்கொள்க. விதிக்குள் அடங்காதோர்க்குத் தனியார் கல்லூரிகளுக்கான காமெட்-கே தேர்வு திறந்திருக்கிறது, கட்டணந்தான் மிகுதி. தமிழகப் பூர்வீகச் சான்றிதழ் பெறக்கூடியவர்கள் தாயகத்துக் கலந்தாய்வையும் மறக்கலாகாது. அங்கு 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல்.

கல்லூரியை எங்ஙனம் எடைபோடுவது? கட்டடத்தின் பொலிவு கண்டு மயங்கற்க. தேசிய அங்கீகார வாரியத்தின் சான்று கல்லூரி முழுமைக்கும் அன்று, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியே வழங்கப்படுவது. நாம் சேரும் பிரிவுக்கு அஃது உண்டா எனக் கேட்க வேண்டும். பட்டம் வழங்குவது விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமா, தனிப் பல்கலைக்கழகமா என்பதையும் தெளிக. ஆய்வுக்கூடத்தை நேரிற் காண்க. மூன்றாமாண்டு மாணவர் இருவரோடு உரையாடுக. தாயின் நகையை அடகு வைத்து நன்கொடை கொடுக்க முனைவோர்க்கு ஒரு சொல்: கட்டாய நன்கொடையை இம்மாநிலம் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடை செய்துள்ளது. இரசீது தராத இடத்தில் பணம் தர வேண்டா.

பெரும் பெயர் பெற்ற கல்லூரி கிட்டவில்லையே என வருந்தும் பிள்ளைகளுக்கு மயில்சாமி அண்ணாதுரை அவர்களை நினைவூட்டுவோம். பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியிற் பிறந்து, தமிழ்வழியிற் பள்ளிக் கல்வி கற்று, கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் பொறியியல் முடித்தவர் அவர். 2008-இல் நிலவுக்குச் சென்ற சந்திரயானின் திட்ட இயக்குநராய் இந்நகரிலேயே பணியாற்றினார்.

கல்லூரி வாயிலைத் திறக்கும். உள்ளே நடக்க வேண்டியவர் மாணவரே. கடன்சுமை குறைந்த வாயிலைத் தேர்ந்து தருதல் பெற்றோர் கடன்.